ஹால் ஆஃப் ஃபேமில் இல்லாத ஃபெர்னாண்டோவுக்காக லாஸ் ஏஞ்சலஸ் ஏன் அழுதது?

கேள்வி இதுதான்: "லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பழைய பிட்சர் (பந்து போடுபவர்) ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 2024 அக்டோபர் 22 அன்று 63 வயதில் இறந்தார். மைதான வாசலில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம் கூடியது. அவர் ஆடியதைப் பார்த்தே இராத இளைஞர்கள்கூட அழுதார்கள். ஆனால் அவர் கணக்கு 173 வெற்றி, 153 தோல்வி. பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமிலும் பெயர் இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு துக்கம்?"

எண்களை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். 17 பருவங்கள் ஆடி, பாதிக்குக் கொஞ்சம் மேலே ஜெயித்த பிட்சர்கள் பேஸ்பாலில் ஏராளம். அவர்கள் இறந்தால் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பத்தி வரும், அத்தோடு சரி. ஃபெர்னாண்டோ விஷயம் வேறு. அதைப் புரிந்துகொள்ள, அவர் பிறப்பதற்கும் முன்னால், அந்த மைதானம் நிற்கும் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

நகர மையத்துக்கு வடக்கே இருக்கும் குன்றுப் பகுதிக்கு சாவேஸ் ரவீன் என்று பெயர். அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். வேறு பல வட்டாரங்களில் அவர்களுக்கு யாரும் வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டார்கள் என்பதால் இங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள். 1950இல் நகர வீட்டுவசதி நிர்வாகம் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது: இங்கே அரசுக் குடியிருப்பு கட்டப் போகிறோம், வீட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கட்டி முடித்ததும் உங்களுக்கே முதல் இடம். ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களில் பெரும்பாலோர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குள் அரசியல் காற்று திசை மாறியது. அரசு வீடு கட்டிக் கொடுப்பதே கம்யூனிசம் என்று கூச்சல் எழுந்து, திட்டம் கைவிடப்பட்டது. நிலம் மட்டும் திரும்பி வரவில்லை. புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் அணியைக் கொண்டுவந்த வால்டர் ஓ'மாலிக்கு நகரம் அதைக் கொடுத்துவிட்டது.

கடைசிவரை போக மறுத்த சிலரை 1959 மே 8 அன்று ஷெரீஃப் ஆட்கள் வெளியேற்றினார்கள். ஔரோரா வர்காஸ் என்ற பெண்ணைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். புகைப்படக்காரர்களும் டிவி கேமராக்களும் அங்கேயே இருந்தன. பின்னாலேயே புல்டோசர் வந்தது. 1962 ஏப்ரல் 10 அன்று அதே இடத்தில் டாட்ஜர் ஸ்டேடியத்தின் முதல் ஆட்டம் நடந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆட்களைக் கிளப்பியது நகர நிர்வாகம். பெரும்பாலான வீடுகள் டாட்ஜர்ஸ் வருவதற்குப் பல வருஷம் முன்பே காலியாகிவிட்டன. ஆனால் வீடு இழந்தவர்கள் இந்தக் கால வரிசையை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இடித்த இடத்தில் யார் கொடி பறக்கிறதோ அவர் மேல்தானே கோபம் போகும். "அந்த மைதானத்தில் கால் வைக்க மாட்டேன்" என்று சொன்ன தாத்தா பாட்டிகள் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் நிறைய இருந்தார்கள்.

ஓ'மாலி வியாபாரி. அந்த ஊரில் எத்தனை லட்சம் மெக்சிகோக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஸ்பானிஷ் வானொலி வர்ணனையை ஆரம்பத்திலேயே ஏற்பாடு செய்தார். ஈக்வடாரிலிருந்து வந்த ஹைமே ஹரீன் 1959இல் அந்த மைக்கைப் பிடித்தார். 2022 வரை விடவில்லை. அணிக்கு ஒரு மெக்சிகோ நட்சத்திரம் வேண்டும் என்று ஓ'மாலி ஓயாமல் தேடினார், 1979இல் இறக்கும்வரை. அவர் தேடிய ஆள் அந்த வருஷம்தான் ஒப்பந்தமாகி வந்து சேர்ந்தார்.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் நவஹோவா நகரை ஒட்டிய எச்சோவாக்கீலா என்ற சின்னக் கிராமம். விவசாயக் குடும்பம். 12 பிள்ளைகளில் கடைக்குட்டி ஃபெர்னாண்டோ, 1960 நவம்பர் 1 அன்று பிறந்தவர். அண்ணன்மாரோடு ஊர்த் திடலில் ஆடிப் பழகி, பதினேழு வயதிலேயே கூலி வாங்கும் ஆட்டக்காரர் ஆகிவிட்டார். டாட்ஜர்ஸுக்கு ஆள் பிடிக்கும் மைக் பிரீட்டோ 1978இல் சிலாவோ என்ற ஊருக்கு வேறொரு ஷார்ட்ஸ்டாப்பை (உள்களத் தடுப்பாளரை) பார்க்கத்தான் போனார். எதிரணியில் இந்தப் பையன் பந்து போட்டுக்கொண்டிருந்தான். பிரீட்டோ, தான் பார்க்க வந்த பையனை மறந்துவிட்டார். அடுத்த வருஷம் யூகட்டான் அணியிடமிருந்து 1,20,000 டாலருக்கு ஒப்பந்தத்தை டாட்ஜர்ஸ் வாங்கியது.

வேகம் சுமார்தான். இன்னொரு ஆயுதம் வேண்டும் என்று அணி நினைத்தது. பாபி காஸ்டியோ என்ற சக பிட்சர் ஸ்க்ரூபால் சொல்லிக் கொடுத்தார். இடதுகைக்காரர் போடும் வழக்கமான வளைவுப் பந்து வலதுகை பேட்டரை நோக்கி உள்ளே வரும். ஸ்க்ரூபாலுக்கு மணிக்கட்டை எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும்; பந்து பேட்டரை விட்டு விலகிக் கீழே இறங்கும். ஆஃப் ஸ்பின்னர் கையிலிருந்து தூஸ்ரா வந்தால் பேட்ஸ்மேன் எப்படி முழிப்பாரோ, அப்படித்தான் இதற்கும் முழித்தார்கள். கைக்கு உறுத்தலான வேலை என்பதால் இன்று கிட்டத்தட்ட யாருமே போடுவதில்லை.

1981 ஏப்ரல் 9, பருவத்தின் முதல் ஆட்டம். ஆட வேண்டியவர் ஜெர்ரி ராய்ஸ். அவருக்குக் கெண்டைக்காலில் அடி. 20 வயது ஃபெர்னாண்டோவிடம் பந்தைக் கொடுத்தார்கள். முந்தைய செப்டம்பரில் கடைசி நேர மாற்று ஆளாக வந்து கொஞ்சம் போட்டிருந்தார். பெரிய லீக்கில் முதல் பிட்சராக ஆட்டத்தைத் தொடங்கியதே இல்லை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் தானே போட்டு, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 2-0 என்று ஜெயித்தார். அடுத்தடுத்து எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. அதில் ஏழு ஆட்டங்களை முழுதாக அவரே முடித்தார். ஐந்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. இன்றைய பேஸ்பாலில் ஒரு பிட்சர் வருஷத்துக்கு இரண்டு ஆட்டத்தை முழுதாக முடித்தாலே தலைப்புச் செய்தி.

ஆளைப் பார்த்தால் விளையாட்டு வீரர் போலவே தெரியாது. கொஞ்சம் தொப்பை, உருண்டை முகம், தோள்வரை தொங்கும் முடி. பந்தை வீசுவதற்கு முன் வலது காலைத் தூக்கும்போது கண் இரண்டும் வானத்தைப் பார்த்து மேலே போகும். பந்தை எங்கே போட வேண்டும் என்று பார்க்க வேண்டிய நேரத்தில் ஆகாயத்தைப் பார்க்கிறானே என்று எல்லோரும் அதிசயித்தார்கள். தெருவில் பந்து போட்ட ஒவ்வொரு பையனும் அப்படியே கண்ணைச் சொருகிக்கொண்டு போட்டான். இங்கிலீஷ் தெரியாது, பேட்டிகளில் ஹரீன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். அலட்டல் கிடையாது, கூச்சமும் கிடையாது. கேட்டதற்கு நாலு வார்த்தை, ஒரு சின்னச் சிரிப்பு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தோட்டத்தில் புல் வெட்டுபவர், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர், தையல் கூடத்தில் வேலை செய்பவர், எல்லோரும் கண்ணாடியில் பார்க்கும் உருவம் அது. டிவியில் அப்படி ஒரு முகம் அதுவரை வந்தது எடுபிடிப் பாத்திரமாக. இப்போது அதே முகம் நாட்டின் பெரிய பேட்டர்களை வரிசையாக உட்காரவைக்கிறது. அவர் பந்து போடும் நாளில் டிக்கெட் கிடைக்காது. பத்திரிகைகள் இதற்கு 'ஃபெர்னாண்டோமேனியா' என்று பெயர் வைத்தன. ஜூனில் மெக்சிகோ அதிபர் லோப்பஸ் போர்த்தியோ வாஷிங்டன் வந்தபோது, அமெரிக்க அதிபர் ரீகன் கொடுத்த வெள்ளை மாளிகை விருந்துக்கு இந்த 20 வயதுப் பையனையும் அழைத்தார்கள். மைதானத்தில் கால் வைக்க மாட்டேன் என்ற பாட்டிகளில் சிலர் பேரப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு படியேறியது அந்த வருஷம்தான்.

நடுவில் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் வந்து பருவம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் நின்றுபோனது. அப்படியும் அந்த வருஷச் சிறந்த புதுமுகம் விருதும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. இரண்டையும் ஒரே வருஷத்தில் வாங்கியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் ரசிகர்களைக் கேட்டால் அந்த எட்டு வெற்றிகளை முதலில் சொல்ல மாட்டார்கள். 1981 அக்டோபர் 23, பருவத்தின் கோப்பையை முடிவு செய்யும் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், இதைத்தான் சொல்வார்கள். எதிரே நியூயார்க் யாங்கீஸ். முதல் இரண்டு ஆட்டத்தையும் டாட்ஜர்ஸ் தோற்றிருந்தது. ஃபெர்னாண்டோவுக்கு அன்று எதுவுமே சரியாக அமையவில்லை. பாப் வாட்சன் ஒரு ஹோம் ரன் (பேஸ்பாலின் சிக்ஸர்), ரிக் செரோன் ஒரு ஹோம் ரன், போதாக்குறைக்கு ஏழு பேருக்கு இலவச நடை (பந்து சரியாக வராததால் பேட்டர் சும்மாவே முதல் பேஸ் என்ற முனைக்குப் போவது). மூன்று இன்னிங்ஸ் முடிவில் 4-3 என்று யாங்கீஸ் முன்னிலை. எந்தப் பயிற்சியாளரும் ஆளை மாற்றிவிடுவார். டாம் லசோர்டா மாற்றவில்லை. டாட்ஜர்ஸ் 5-4 என்று முந்தியது. எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் முதல் இரண்டு பேரும் பேஸில் ஏறிவிட்டார்கள். அடுத்து வந்த பாபி மர்சர் பந்தை மெல்லத் தட்டிவிடப் பார்க்க, அது மேலே எழும்பியது. மூன்றாம் பேஸ்காரர் ரான் சே எல்லைக்கோட்டுக்கு வெளியே பாய்ந்து பிடித்து, எழுந்த வேகத்தில் முதல் பேஸுக்கு எறிந்து இன்னொருவரையும் வெளியேற்றினார். ஒன்பதாவதில் கடைசி ஆளான லூ பினியெல்லாவை ஃபெர்னாண்டோ ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) செய்தபோது, அன்று அவர் போட்ட பந்துகள் 150ஐ நெருங்கியிருந்தன. டாட்ஜர்ஸ் அதன்பின் தோற்கவே இல்லை. ஆறாவது ஆட்டத்தில் தொடரை வென்றது. நன்றாக ஆடி ஜெயித்த நாளைவிட, ஒன்றும் சரியாக வராத நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்ததுதான் உழைக்கிற ஜனங்களுக்குப் பிடித்தது என்பது என் எண்ணம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லலாம். 1986இல் 21 வெற்றி, 20 முழு ஆட்டங்கள். அதே வருஷம், நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தொடர்ந்து ஐந்து பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, 1934இல் கார்ல் ஹப்பெல் வைத்த சாதனையைத் தொட்டார், ஹப்பெலும் ஸ்க்ரூபால்காரர்தான். இத்தனை பந்து போட்ட தோள் 1988இல் கைவிட்டது. 1990 ஜூன் 29 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் போட்டார். சொம்ப்ரேரோ தொப்பி வைத்திருப்பவர்கள் அதை வானத்தில் எறியுங்கள் என்று வர்ணனையாளர் வின் ஸ்கல்லி அறிவித்தது அன்றுதான்.

அடுத்த வருஷம் மார்ச்சில், பருவம் தொடங்கும் தறுவாயில், சம்பளம் உறுதியாவதற்குச் சற்று முன் டாட்ஜர்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. பத்து வருஷம் மைதானத்தை நிரப்பிக் கொடுத்த ஆளை அனுப்பிய விதம் அது. வேறு அணிகளுக்கு மாறி மாறி ஆடி 1997இல் ஓய்ந்தார். மனக்கசப்பில் பல வருஷம் டாட்ஜர்ஸ் பக்கமே வரவில்லை. 2003இல்தான் ஸ்பானிஷ் வானொலி வர்ணனைக்குத் திரும்பினார், அதே ஹரீன் பக்கத்தில். 1981இல் ஹரீன் அவருக்காகப் பேசினார். இப்போது இருவரும் சேர்ந்து பேசினார்கள். அடுத்த இருபது வருஷம் கலிபோர்னியாவின் லாரிகளிலும் சமையலறைகளிலும் அந்தத் தணிந்த குரல் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஆடியதைப் பார்க்காத இளைஞர்கள் ஏன் அழுதார்கள் என்று கேட்டீர்களே, பாதி பதில் இதில் இருக்கிறது. அவர்களுக்கு அவர் வீட்டில் தினமும் கேட்கிற குரல்.

இன்னொரு பாதி, அவருடைய 34ஆம் எண் சட்டை. ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்களின் எண்ணை மட்டுமே, இனி யாரும் அணியாதபடி நிரந்தரமாக ஒதுக்குவது டாட்ஜர்ஸின் வழக்கமாக இருந்தது. பழைய ஆட்டக்காரர் ஜிம் கில்லியம் ஒருவருக்குத்தான் அதுவரை விலக்கு. அதனால் 34க்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் உடைமாற்றும் அறையைக் கவனித்தவர்கள் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமலே பார்த்துக்கொண்டார்கள். 2019இல் மெக்சிகோ லீக் எல்லா அணிகளிலும் 34ஐ ஒதுக்கியது. டாட்ஜர்ஸுக்கு மனம் இறங்க 2023 ஆகஸ்ட் 11 வரை ஆனது. ஆனால் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் கூட்டத்தில் 34 போட்ட சட்டை கண்ணில் படும். அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த முப்பது வருஷமும் ரசிகர்கள் யோசிக்கவே இல்லை.

அவர் இறந்த நேரமும் சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபர் தொடக்கத்தில் உடல்நலம் கருதி வர்ணனையிலிருந்து விலகினார். அந்த மாதம் 20ஆம் தேதி டாட்ஜர்ஸ் உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. எதிரணி 1981 போலவே யாங்கீஸ். இரண்டு நாளில் அவர் போய்விட்டார், அந்த மூன்றாவது ஆட்டத்தின் 43ஆம் ஆண்டு நிறைவுக்கு முந்தின நாள். ஆட்டக்காரர்கள் சட்டைக் கையில் 34 பொறித்த பட்டையோடு ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எல்லா பேஸிலும் ஆள், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது. கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டிருந்த ஃப்ரெடி ஃப்ரீமன் முதல் பந்தையே கூட்டத்துக்குள் அடித்து ஆட்டத்தை முடித்தார். மேலேயிருந்து ஃபெர்னாண்டோ பார்த்துக்கொண்டார் என்று சொல்லாத ஆள் இல்லை. டாட்ஜர்ஸ் கோப்பையை வென்றது. வெற்றி ஊர்வலம் நவம்பர் 1. அது அவருடைய 64ஆவது பிறந்தநாள்.

அதே நாளில் மெக்சிகோ வழக்கப்படி இறந்தவர்களின் திருநாள் தொடங்குகிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று நவம்பர் 2 அன்று கும்பிடுவதன் உறவுதான். வீட்டிலும் தெருவிலும் படையல் மேடை அமைத்து, இறந்தவரின் படம் வைத்து, அவருக்குப் பிடித்ததைப் படைத்து, செண்டுமல்லியால் அலங்கரிப்பார்கள். (நம் பூக்கடைச் செண்டுமல்லிக்கும் பூர்வீகம் மெக்சிகோதான்.) பாட்டன் பாட்டி படங்களுக்கு நடுவே அந்த வருஷம் 34ஆம் எண் சட்டையும் பேஸ்பாலும் இடம்பிடித்தன. மெக்சிகோ குடும்பங்கள் நிறைந்த பாயில் ஹைட்ஸில் ராபர்ட் வர்காஸ் என்ற ஓவியர் ஒரு கட்டடச் சுவர் முழுக்க ஃபெர்னாண்டோவை வரைந்து அன்றைக்கே திறந்துவைத்தார்.

அஞ்சலி செலுத்த வந்தவர்கள் பேசியதைக் கவனித்தால் ஒன்று புரியும். புள்ளிவிவரம் யாரும் பேசவில்லை. என் அப்பா என்னை முதன்முதலில் கூட்டிப்போன ஆட்டம், என் பாட்டி ரேடியோ முன்னால் ஜெபமாலை உருட்டிய ஆட்டம், இங்கிலீஷ் தெரியாத என் அம்மா ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது இவரால், இப்படித்தான் பேசினார்கள். முக்கால்வாசிப் பேர் தங்கள் வீட்டில் இறந்துபோனவர்களையும் சேர்த்துத்தான் அழுதார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "சாவேஸ் ரவீன் காயத்தை ஃபெர்னாண்டோ ஆற்றிவிட்டார்" என்று அப்போது நிறைய எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நிலம் போனவர்களுக்கு நிலம் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் நியாயம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைசிவரை மைதானத்துக்குப் போகாதவர்களும் உண்டு. தவிர, நகரமும் ஒரு வியாபார நிறுவனமும் செய்ததற்கு ஒரு விவசாயி மகன் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்பது என்ன கணக்கு? அவர் அப்படி எதையும் சொல்லிக்கொண்டதும் இல்லை. பந்து போட்டார், ஜெயித்தார். தங்களுக்கு இடமில்லை என்று நினைத்திருந்தவர்கள், நம் ஆள் நடுவில் நிற்கிறான், நாமும் போய் உட்காரலாம் என்று முடிவு செய்தார்கள். முடிவு அவர்களுடையது. இன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஸ்பானிஷ் கேட்காத வரிசை கிடையாது என்றால் அந்தப் பெருமை முதலில் அவர்களுக்கு.

ஹால் ஆஃப் ஃபேம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களிக்கும் தேர்தலில் 2003இல் 6.2 சதவீதம் வாங்கினார். அடுத்த வருஷம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே போனதால் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். இறந்த பிறகு, 2025 டிசம்பரில் மூத்தோர் குழு மறுபடி பரிசீலித்தது, அப்போதும் தேறவில்லை. ஆறேழு வருஷம் உச்சத்தில் இருந்துவிட்டு அப்புறம் இறங்கியவர், நீண்ட காலக் கணக்கில் எடுபடவில்லை என்பது அவர்கள் வாதம். எண்ணை மட்டும் எடுத்தால் அந்த வாதத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஒரு விளையாட்டின் வரலாற்றுக்கு வைத்த கூடத்தில், அந்த விளையாட்டின் பார்வையாளர் கூட்டத்தையே மாற்றிய ஆளுக்கு இடமில்லை என்றால், விதிமுறையைத்தான் பார்க்க வேண்டும்.

அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் எட்டு வெற்றிகளின் தொகுப்பில் தொடங்காதீர்கள். 1981 மூன்றாவது ஆட்டம் முழுதாகவே இணையத்தில் கிடைக்கிறது. முதல் மூன்று இன்னிங்ஸ் அவர் திணறுவதைப் பொறுமையாகப் பாருங்கள். வேகமாக ஓட்டிவிட்டால் எட்டாவது இன்னிங்ஸில் அந்தக் கூட்டம் ஏன் அப்படிக் கத்துகிறது என்று பிடிபடாது.